58 படி

கேள்வி: எனக்கு வயது 46. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். கோவையில் படித்தபோது பெரியாரைப் படித்தேன், கடவுள் நம்பிக்கை போய்விட்டது. அதிலிருந்து 24 வருஷமாக சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை. மனைவி இந்துக் குடும்பம், பதிவுத் திருமணம். அப்பா காலமாகிவிட்டார். 72 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். சபைக்காரர்கள் என்னைத் தொற்றுநோய்க்காரனைப் போலப் பார்க்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கேரல் ரவுண்டில் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் இல்லை. நானும் ரிசப்ஷனுக்கு மட்டும் போய் வந்தேன். கமிட்டியில் ஒருவர், “நாத்திகனுக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது” என்று அம்மா காதுபடச் சொல்லியிருக்கிறார். பாட்டியோடு ஞாயிறு பள்ளிக்குப் போகும் என் 10 வயது மகளிடம் அங்கே பாடம் எடுப்பவர், “உங்கப்பா நரகத்துக்குத்தான் போவார்” என்று சொல்ல, குழந்தை ராத்திரியெல்லாம் அழுதாள். நான் யார் நம்பிக்கையிலும் தலையிடுவதில்லை. ஞாயிறு காலை நானே அம்மாவையும் மகளையும் காரில் கொண்டுபோய்க் கீழே ரோட்டில் இறக்கிவிடுகிறேன். மேலே 58 படி. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். சபைப் பையன்கள் யாராவது கை கொடுப்பார்கள். ஆராதனை முடியும்வரை காரிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு சகிப்புத்தன்மையோடு இருக்கும் என்னிடம் அவர்கள் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்:

தம்பி, நீங்கள் எழுதியிருந்தது மூன்று பக்கம். இடம் கருதிச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒரு தடவை கோத்தகிரியிலிருந்து வரும், ஒரு தடவை கொடைக்கானலிலிருந்து. சில சமயம் எழுதுகிறவர் பக்திமான், நாத்திகர் அவர் வீட்டு மருமகன். யார் எழுதினாலும் கடைசியில் கேட்பது, ‘நான் சரியாகத்தானே இருக்கிறேன்?’ என்றுதான். ‘ஆமாம் தம்பி, மனம் தளராதீர்கள்’ என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கவரைப் பிரித்திருப்பேன். அந்த 58 விடமாட்டேன் என்கிறது.

ஐம்பது அறுபது படி என்று நீங்கள் எழுதவில்லை. 58 என்று எழுதியிருக்கிறீர்கள். 24 வருஷமாகக் கால் வைக்காத இடத்தின் படிக்கணக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே ஏறியிருப்பீர்கள். மலையில் வளர்கிற பிள்ளைகள் எல்லாம் செய்கிற வேலை. இல்லையென்றால் இப்போது, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, கார்க் கண்ணாடி வழியாக அம்மா ஏறுவதைப் பார்த்து எண்ணியிருப்பீர்கள். அப்படியென்றால் பேப்பரில் ஒரு வரிகூட ஓடியிருக்காது. எதுவாக இருந்தாலும் உங்களுக்கு உறுத்துகிறது. உறுத்தாவிட்டால் அந்தக் கணக்கு கடிதத்துக்குள் வந்திருக்காது.

மலைச்சரிவில் இருக்கிற படிகள் எனக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் கல்லெல்லாம் பாசி. ஓரத்துக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை விறைத்துவிடும். பனி இறங்கினால் பத்துப் படிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. 72 வயசு அம்மா, ஒரு கையில் பைபிளும் பாட்டுப் புத்தகமும் போட்ட பை, இன்னொரு கையில் குடை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அந்தக் கையை சபை கொடுக்கிறது. நீங்கள் மூன்று பக்கம் குற்றப்பத்திரிகை எழுதிய அதே சபை. அந்தப் பையன்கள் வீட்டிலும் உங்களைப் பற்றி நல்லவிதமாகவா பேசியிருப்பார்கள்? இருந்தும் கை நீட்டுகிறார்கள். நாத்திகனைப் பெற்றவள்தானே என்று யாரும் பாதிப் படியில் விட்டுவிட்டுப் போகவில்லை.

இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் சகிப்புத்தன்மை. கொண்டுபோய் இறக்கிவிடுவதை டாக்ஸிக்காரரும் செய்வார். இரண்டு வாரம் பழகினால் அம்மாவை மேலே ஏற்றிவிட்டும் வருவார்.

பெரியாரைப் படித்தேன் என்கிறீர்கள். கூட்டத்தில் கடவுள் வாழ்த்து பாடினால் அவர் என்ன செய்வார் என்று படிக்கவில்லையா? தள்ளாத வயதிலும் பக்கத்தில் இருப்பவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். அவரோடு இருந்தவர்கள் அலுக்காமல் சொல்லும் சங்கதி. சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளாரோடு அவருக்கு இருந்த சிநேகிதமும் ஊரறிந்தது. அதற்காக அவர் ஆத்திகராகிவிடவில்லை. மறுநாள் மேடையில் அதே கடவுள் மறுப்பைத்தான் பேசினார். எழுந்து நின்றது எதிரில் இருக்கிற மனிதர்களுக்காக. அந்தக் கிழவருக்கு எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உங்களுக்கு 46 வயது, முட்டி நன்றாக இருக்கிறது.

என் அப்பாவும் கறுப்புச்சட்டைதான். கூடலூரில் எங்கள் வீட்டுக்கு ‘விடுதலை’ தபாலில் வரும். அப்பத்தாவுக்கோ பழனி முருகன் என்றால் உயிர். வருஷம் ஒரு தடவை அவரைக் கூட்டிப்போவது அப்பா பொறுப்பு. ஒரு வருஷம் விஞ்சுக்கு ஏகப்பட்ட வரிசை. அப்பா கறுப்புச்சட்டையோடு அப்பத்தாவை இடுப்பில் தாங்கிப் பிடித்துப் படியேற்றினார். ‘அரோகரா’ போட்டுக்கொண்டு ஏறியவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேலே போனதும் அப்பத்தாவை எங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மண்டபத் தூணில் சாய்ந்து ‘விடுதலை’யைப் பிரித்தார். கும்பிடவில்லை, திருநீறு பூசவில்லை. கீழே வந்ததும் பஞ்சாமிர்த டப்பாவுக்குள் முதல் விரலை விட்டவரும் அவர்தான். நான் சாமி கும்பிடுகிறவள். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. ஆனால் பகுத்தறிவு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்தத் தூணும் அதில் சாய்ந்திருந்த கறுப்புச்சட்டையும்தான் ஞாபகம் வரும்.

சர்ச்சுக்குள் போனால் கொள்கை போய்விடுமோ என்று பயமா? ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போயிருப்பீர்கள், வெளியிலிருந்தாவது. 1830 வாக்கில் கட்டியது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து கழற்றி, மலையேற்றிக் கொண்டுவந்த மரம். கிட்டத்தட்ட 200 வருஷமாகக் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

அக்கா மகள் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. தாய்மாமனை விட்டுவிட்டுப் பத்திரிகை அடிக்க எந்த வேதமும் சொல்லவில்லை. அதற்காக நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆராதனை நேரத்தில் எங்கேயோ இருந்துவிட்டு ரிசப்ஷனில் தலைகாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெண் உள்ளே மோதிரம் மாற்றிக்கொண்டபோது மாமா இருக்க வேண்டிய இடம் காலி. பத்திரிகையில் பெயரை அவர்கள் அழித்தார்கள், பெஞ்சில் ஆளை நீங்கள் அழித்தீர்கள். கேரல் விஷயம் இதைவிடச் சின்னது. டிசம்பர் முதல் வாரமே, ‘எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், அம்மா காத்திருப்பார்’ என்று ஒரு வார்த்தை சொல்லி, பாட வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி போட்டு வைத்தால் தீர்ந்தது.

கல்லறைத் தோட்டம். பெற்ற தாய் காதுபட அப்படிச் சொன்ன கமிட்டிக்காரர் அற்பர். ஆனால் உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லாத உங்களுக்கு அந்த ஆறடிக்கு என்ன அவசரம்? ஆபிரகாம் கோவூரைத் தெரிந்திருக்கும். திருவல்லாவில் மார்த்தோமா சபைப் பாதிரியார் மகனாகப் பிறந்து, இலங்கையில் பகுத்தறிவுப் பிரச்சாரம் செய்தவர். கண்ணைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவக் கல்லூரிக்கும் எழுதி வைத்துவிட்டு 1978-ல் போய்ச் சேர்ந்தார். ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே போய் உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கமிட்டிக்காரரின் வாய் அடைந்துவிடும். இல்லை, அப்பா பக்கத்தில்தான் படுக்க வேண்டும் என்று மனசுக்குள் ஆசை இருக்கிறது என்றால் அது வேறு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி அந்த நரகப் பேச்சு. இதை நான் லேசில் விடமாட்டேன். 10 வயதுக் குழந்தையிடம் ‘உன் அப்பன் எரிவான்’ என்று சொல்வது பாடமில்லை, மிரட்டல். அப்பா மேல் அவளுக்கு இருக்கிற பாசத்தையே எடுத்து அவளைச் சுட்டிருக்கிறார். இதைப் படிக்கிற ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்: நல்ல சமாரியன் கதையை வருஷா வருஷம் நடத்துகிறீர்களே, அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து விலகிப் போனவர்கள் யார்? ஆசாரியனும் லேவியனும். காயம் கட்டியவன் யார்? அந்த ஊரார் வாசலில் சேர்க்காத சமாரியன். இதைச் சொல்லிக்கொடுத்த வாயால் ஒரு குழந்தையின் அப்பாவை எப்படி நரகத்துக்கு அனுப்புகிறீர்கள்? சாமி நம்பிக்கை இல்லாதவன் ஒழுக்கம் இல்லாதவன் என்ற நினைப்பு நம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. என் வீட்டுப் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். பச்சை அபாண்டம்.

சரி தம்பி, அந்த ஆசிரியரிடம் நீங்கள் பேசினீர்களா? மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன், அப்படி ஒரு வரி இல்லை. முகம் தெரியாத எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு, வாரா வாரம் மகளுக்குப் பாடம் எடுக்கிறவரிடம் பேசத் தோன்றவில்லை. ஏன்? அவர் 58 படிக்கு மேலே இருக்கிறார். குழந்தை ராத்திரியெல்லாம் அழுதும் நீங்கள் ஏறவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்காக ஏறாததைக்கூடப் பழக்கதோஷம் என்று விட்டுவிடுவேன்.

குழந்தையிடம் என்ன சொன்னீர்கள் என்றும் எழுதவில்லை. ‘அதெல்லாம் பொய், பாட்டி கும்பிடுவதும் பொய்’ என்று சொல்லியிருந்தால் நீங்களும் அந்த ஆசிரியர் வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பாட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வயசா அவளுக்கு? ‘அப்பா எங்கேயும் போகமாட்டேன், இங்கேதான் இருக்கிறேன், தூங்கு’ என்றால் அந்த ராத்திரிக்குப் போதும்.

சட்டம் கேட்டீர்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவில் மனச்சாட்சிச் சுதந்திரம் இருக்கிறது. அம்மாவின் ஜெபத்துக்கும் உங்கள் மறுப்புக்கும் அதே பிரிவுதான் காவல். 28ஆவது பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கியிருக்கிறார். இதெல்லாம் உண்மை. ஆனால் ஞாயிறு பள்ளி நீங்களே காரில் ஏற்றி அனுப்புகிற இடம். அதற்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது, படியேறித்தான் போக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புங்கள். கீழே காரைப் பூட்டிவிட்டு, பையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குக் கை கொடுங்கள். பேப்பரை வேண்டுமானால் கக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடைசி பெஞ்சு. ஜெபிக்க வேண்டாம், பாட வேண்டாம். மற்றவர்கள் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், திருவிருந்துக்குப் போகிறபோது பேசாமல் உட்கார்ந்திருங்கள். ஆராதனை முடிந்ததும் அந்த ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, மகள் அழுததை மட்டும் சொல்லுங்கள். கடவுள் உண்டா இல்லையா என்று அங்கே ஆரம்பிக்காதீர்கள். அவர் திருந்தாவிட்டால் ஆயரிடம் போங்கள்; அப்புறமும் சரியாகவில்லை என்றால் குழந்தையை அந்த வகுப்புக்கு அனுப்பாதீர்கள், பாட்டி பக்கத்திலேயே உட்காரட்டும். ‘மனம் திரும்பிவிட்டான்’ என்று யாராவது கையைப் பிடித்துக் குலுக்கினால், ‘இல்லைங்க, அம்மாவுக்கு மூட்டு வலி’ என்று சொல்லுங்கள். அம்மா காரணம் கேட்டால் படி வழுக்குகிறது என்றால் போதும், மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார்.

சபையைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் அம்மா எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் மகளைக் கேளுங்கள்.