மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்: அவசரப் பிரிவு டாக்டரிடம் கேள்வி பதில்

சேலத்தில் அவசரப் பிரிவில் 20 வருடங்கள் வேலை பார்த்தவள் நான். சர்க்கரை, தைராய்டு, ரத்தத்தில் உள்ள உப்புகள், இவற்றால் வரும் அவசரங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

அம்மாப்பேட்டை வாசகர்: அப்பாவுக்கு 68 வயது, தறி ஓட்டுகிறார். கோட்டை மாரியம்மனுக்கு ஆடி விரதம் இருந்தார். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். மதியம் வேர்த்துக் கொட்டி உளற ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து டீ கேட்டார். அப்புறமும் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பில்லுக்காகத்தானே டாக்டர்?

இல்லை ஐயா. முதலில் அது என்ன மாத்திரை என்று பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை என்றால், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஏற்றிய குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் செலவாகிவிடும். மாத்திரையின் வேலையோ ஒரு நாள் நீளும். வயதானவர், கிட்னி கொஞ்சம் மந்தம் என்றால் இன்னும் நீளும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஒருவர் தெளிந்து உட்கார்ந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். விடியற்காலை 4 மணிக்கு அவர் மனைவி அதே ஆட்டோவில் அவரைத் திரும்பக் கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். தலையணை நனைந்திருந்தது கண்டுதான் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை 31. அந்த அம்மாவின் முந்தானை முடிச்சில் மாத்திரை அட்டை இருந்தது. முதல் தடவையே நாங்கள் கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார். அன்றிலிருந்து அட்டையைப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

சூரமங்கலம் வாசகர் (மேலே உள்ள பதிலுக்கு): நீங்கள் பயமுறுத்துகிறீர்கள். என் மாமாவுக்கும் சர்க்கரை இறங்கியது. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் மாமா என்ன மருந்து எடுக்கிறார்?

சூரமங்கலம் வாசகர்: சாப்பாட்டுக்கு முன்னால் போடும் இன்சுலின் ஊசி.

அப்படியானால் அனுப்பியது சரிதான். அந்த ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். காரணம் தெரிந்து, நன்றாகச் சாப்பிட்டு, சர்க்கரை நிலையாக நின்று, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் அனுப்பலாம். இருவருக்கும் வந்தது ஒரே மயக்கம்தான், மருந்துதான் வேறு.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடைக்காரர்: மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கும் இப்படி ஆகுமா? கடையில் தினமும் கேட்கிறார்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபூர்வம். ஆனால் சில மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்தே வருகிறது. வாங்குகிறவருக்கு அது தெரிவதில்லை. நீங்கள் அட்டையைக் காட்டி, “சாப்பிடாமல் இதைப் போடக்கூடாது” என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் வார்டில் ஒரு கட்டில் காலியாக இருக்கும். விரதம் இருப்பவர்கள் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே தங்கள் டாக்டரிடம் கேட்கட்டும்.

ஓமலூர் வாசகர்: மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். நினைவோடு விழுங்க முடிகிறவருக்குத்தான் சர்க்கரை: 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

ஏற்காடு வாசகி: மகளுக்கு 14 வயது, சின்ன வயதிலிருந்து இன்சுலின். இரண்டு நாள் வாந்தி. சாப்பிடவில்லையே என்று ஊசியை நிறுத்தினோம். கீழே கூட்டி வரும்போதும் வாந்தி. 20 கொண்டை ஊசி வளைவுதான் காரணம் என்று நினைத்தோம். ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் செய்த தப்பு என்ன?

அம்மா, இந்தத் தப்பைப் பல பெற்றோர் செய்கிறார்கள். உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு இன்சுலின் வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் என்ற அமிலம் சேரும். வாந்தி, வயிற்றுவலி, ஓடாமலே வாங்கும் பெருமூச்சு, மூச்சில் பழவாடை, எல்லாம் அதனால்தான். இன்சுலின் போடுகிற பிள்ளை வாந்தி எடுத்தால் சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். அளவை அவர் மாற்றுவார். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். மலை மேல் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

ஹவுஸ் சர்ஜன் ஒருவர்: மேடம், இதே கீட்டோன் கேஸில் சர்க்கரை 480. உடனே இன்சுலின் ஆரம்பிக்கப் போனேன், சீனியர் தடுத்தார்.

அவர் நல்ல ஆசிரியர். முதலில் சலைன். ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பின் ரிப்போர்ட் வரட்டும். இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளும், 3.5-க்குக் கீழே இருக்கும்போது ஆரம்பித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அப்படிக் குறைந்திருந்தால் முதலில் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் இன்சுலின் கொடுங்கள். சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்தாமல் டெக்ஸ்ட்ரோஸை, அதாவது குளுக்கோஸைச் சேர்க்க வேண்டும். நாம் விரட்டுவது கீட்டோனை. டாபாகிளிஃப்ளோசின் (சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை) எடுப்பவர் என்றால் சர்க்கரை 180 இருந்தாலும் கீட்டோன் பாருங்கள், தம்பி.

ஆத்தூர் வாசகர்: மயங்கியவர் நாக்கில் தேன் தடவலாமா?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதுதான். வாயில் எதையும் வைக்காதீர்கள்.

ஜலகண்டாபுரம் வாசகி: அம்மா மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடியை ஒரு வருடம் சாப்பிட்டார், முகம் உப்பியது. பயந்து நிறுத்தினோம். இப்போது எழ முடியவில்லை, பிபி 80.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போனால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். திடீரென நிறுத்தினால் பிபி சரியும். “ஸ்டீராய்டாக இருக்குமோ” என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், பொடியையும் கொண்டு போங்கள். ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் உடனே போட வேண்டும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மேட்டூர் வாசகர்: டயாலிசிஸ் செய்யும் அண்ணன் வெயிலுக்கு இளநீர் குடிக்கலாமா?

வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயம் தடுமாறும். கால் தளர்ந்தாலோ நாடி மெதுவானாலோ உடனே ஈசிஜி எடுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி: தைராய்டால் முடி கொட்டுகிறது.

இது அவசரப் பிரிவுக் கேள்வி இல்லை அம்மா, ஓபியில் காட்டுங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சங்ககிரி வாசகர்: மயங்கியவருக்குக் கொஞ்சமாக சோடா...

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூன்றாவது முறை சொல்கிறேன். மயக்கம் என்றால் 108 தான்.

கன்னங்குறிச்சி வாசகர்: எந்த குளுக்கோமீட்டர் வாங்கலாம்?

ஸ்ட்ரிப் சுலபமாகக் கிடைக்கிற எதையும் வாங்கலாம். காலாவதி தேதியைப் பாருங்கள், டப்பாவை மூடியே வையுங்கள். மாம்பழ சீசனில் ஒன்று. மல்கோவா அறுத்த கையோடு குத்திப் பார்த்து 340 என்று பதறி ஓடிவந்தவருக்கு, கையைக் கழுவிப் பார்த்தபோது 140 தான். அந்தப் பயத்தில் கூடுதலாக ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.