போனில் ஹார்ட் டிஸ்க்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன், டேப்லெட்டில் வெளி டிரைவ்களை இணைப்பது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் "என் டிஸ்க் போய்விட்டதா?" என்ற பயத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். மின்சாரம் போதாமல் இருக்கும், அல்லது போனுக்குப் புரியாத முறையில் டிஸ்க் ஃபார்மட் ஆகியிருக்கும். பயத்தில் ஒரு பட்டனைத் தொட்டுவிடுவதில்தான் உண்மையான இழப்பு நடக்கிறது. அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: ஓடிஜி அடாப்டரில் (போனில் பென்டிரைவ் செருக உதவும் இணைப்பு) பென்டிரைவ் நன்றாக வேலை செய்கிறது. அதே அடாப்டரில் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைப் போட்டால் லைட் மட்டும் எரிகிறது, போனில் எதுவும் வரவில்லை. உள்ளே "டிக் டிக்" என்று சத்தம் கேட்கிறது. டிஸ்க் போய்விட்டதா சார்?

டீச்சர், முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அப்படியே டிக் டிக் என்று ஓடவிடுவது டிஸ்க்குக்கு நல்லதில்லை.

பென்டிரைவுக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்ற வேண்டும். அசையாமல் கிடக்கும் தட்டைச் சுழல வைக்கும் அந்த முதல் சில நொடிகளில்தான் அதிக மின்சாரம் தேவை, கிட்டத்தட்ட 1 ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 2 கணக்குப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. போன் தன் பேட்டரியிலிருந்து கொடுப்பதால் பல நேரம் அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டால் உங்களுக்கே புரியும். "ங்ங்ங்" என்று சுழல ஆரம்பிக்கும், மின்சாரம் பத்தாது, "டிக்" என்று தட்டைப் படிக்கும் முள் திரும்பும், அடங்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போனுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில், சார்ஜர் செருகும் இடம் உள்ள ஒரு டைப்-சி ஹப் போடுங்கள். அந்தத் துளையின் பக்கத்தில் "PD" (பவர் டெலிவரி) என்று எழுதியிருக்கும். போன் சார்ஜரை அதில் செருகிவிட்டால் டிஸ்க்குக்கு வேண்டிய மின்சாரம் சுவரிலிருந்து வரும், போனும் சார்ஜ் ஆகும். பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் என்றால் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குங்கள். மேஜை மேல் வைக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகள் 12 வோல்ட் கேட்கும். அவற்றை அவற்றின் சொந்த அடாப்டர் இல்லாமல் எந்தப் போனாலும் ஓட்ட முடியாது.

சார்ஜர் இணைத்தும், கம்ப்யூட்டரில் போட்டும் அதே டிக் சத்தம் வந்தால் அப்போதுதான் டிஸ்க்கில் கோளாறு என்று பொருள். உள்ளே முக்கியமான கோப்புகள் இருந்தால் மேற்கொண்டு முயற்சி செய்யாமல் தகவல் மீட்புத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கல்லூரி மாணவர்: டிஸ்க்கைச் செருகியதும் "இந்த டிரைவ் ஆதரிக்கப்படவில்லை, ஃபார்மட் செய்யவும்" என்று வருகிறது அண்ணா. ஃபார்மட் கொடுக்கலாமா?

கொடுக்காதே தம்பி, ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் அக்கா மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்த டிஸ்க்கை டேப்லெட்டில் போட்டேன். இதே செய்திதான் வந்தது. "சரி செய்" என்பது போல எண்ணித் தொட்டுவிட்டேன். அரை நிமிடத்தில் டிஸ்க் சுத்தமாகக் காலி. மீட்பு மென்பொருள் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து முக்கால்வாசிப் படங்களை எடுத்தேன். ஆனால் பெயர், தேதி, ஃபோல்டர் எல்லாம் போய்விட்டன. கேக் வெட்டும் வீடியோ கடைசி வரை கிடைக்கவே இல்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்தச் செய்தியின் உண்மையான பொருள், "இதில் எழுதியிருக்கும் முறை எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பதுதான். தெலுங்கில் எழுதிய நோட்டை எனக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காக அந்த நோட்டைக் கிழித்துப் போட மாட்டோம் அல்லவா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். அதைச் சில ஆண்ட்ராய்டு போன்கள் படிக்கும், பல படிக்காது. மேக்கில் பயன்படுத்தியது என்றால் ஏபிஎஃப்எஸ் ஆக இருக்கலாம், ஆண்ட்ராய்டுக்கு அது சுத்தமாகப் புரியாது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க்கும் இதே செய்தியைத்தான் காட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போடு. உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்தில் காப்பி செய். நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார். அதன் பிறகு டிஸ்க் மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் போய், ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட் தேர்ந்தெடு. விண்டோஸ், மேக், ஐபேட், இப்போதைய பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புரிவது அதுதான். மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் நேரடியாக வந்துவிட்டது. உன் போன் பழையது என்றால், முதலில் ஒரு காலிப் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு டிஸ்க்குக்குப் போ.

இல்லத்தரசி ஒருவர்: பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது. தங்கை கல்யாண வீடியோ 6 ஜிபிதான். இடம் இல்லை என்று சொல்கிறதே?

உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது அக்கா. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 20 என்ன, 50 ஜிபி காலியாக இருந்தாலும் முடியாது. மேலே தம்பிக்குச் சொன்னபடி எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடுங்கள். வீட்டு டிவியிலும் போட்டுப் பார்ப்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: சில பழைய டிவிகள் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். அப்படியானால் வீடியோவை இரண்டு துண்டாக வெட்டிக்கொள்வதுதான் வழி.

நேற்று வரை வேலை செய்த பென்டிரைவ் இன்று போனில் தெரியவில்லை. (இதை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

ஒப்போ, விவோ, ஒன்பிளஸ் போன்ற சில போன்களில் ஓடிஜி என்று ஒரு சுவிட்ச் செட்டிங்ஸில் இருக்கும். பயன்படுத்தாமல் பத்து நிமிடம் விட்டால் தானாக அணைந்துவிடும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஓடிஜி என்று தட்டினால் கிடைக்கும். அது சரியாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டும் வரும் மலிவான கேபிள்களில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது. மைக்ரோ யூஎஸ்பி என்றால் ஓடிஜி கேபிளேதான் வேண்டும். அதன் முனையில் நான்காவது பின்னை கிரவுண்ட் பின்னோடு இணைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் "நான் இப்போது கம்ப்யூட்டர் இடத்தில் இருக்கிறேன்" என்று போன் தெரிந்துகொள்ளும். அப்புறம், சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு அடைத்திருந்தால், போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

கல்யாண வீடியோ எடுப்பவர்: ஐபோன் 15 ப்ரோவில் நேரடியாக எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) பதிவு செய்ய முடியும் என்கிறார்கள். எனக்கு வேகம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது.

போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது யூஎஸ்பி 2 கேபிள், நொடிக்கு 480 மெகாபிட் வரைதான். போனோ 10 ஜிகாபிட் தாங்கும். 10 ஜிகாபிட் என்று குறிப்பிட்ட கேபிளைத் தனியாக வாங்குங்கள். எஸ்எஸ்டி நொடிக்கு 220 எம்பியாவது தொடர்ந்து எழுத வேண்டும், 4.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, எக்ஸ்ஃபேட் அல்லது ஏபிஎஃப்எஸ் முறையில் இருக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் கேபிள் அசைந்து கழன்றுவிட்டால் அந்த நிமிடம் திரும்ப வராது. அதனால் கேபிளை ரிக்கில் (போனைப் பொருத்தும் சட்டம்) கட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சாதாரண 15, 15 பிளஸ் வைத்திருப்பவர்கள் எந்தக் கேபிள் போட்டாலும் யூஎஸ்பி 2 வேகம்தான்.

100 ஜிபி காப்பி செய்ய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே என்று கேட்டவருக்கும் பதில் இதுதான். யூஎஸ்பி 2இல் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி போல வரும். கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். உங்கள் போனில் குறை இல்லை.

ஐபேடில் எஜெக்ட் பட்டன் எங்கே?

கிடையாது. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியில் வெளி டிரைவ்கள் தெரிகின்றன, ஆனால் கழற்றுவதற்கென்று தனிப் பட்டன் வைக்கவில்லை. காப்பி ஆகும் வட்டம் முழுவதும் முடிந்து, டிரைவின் லைட் சிமிட்டுவது நின்ற பிறகு எடுங்கள். நான் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகவே காத்திருப்பேன். எக்ஸ்ஃபேட் முறையில், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஒரு கோப்போடு போகாமல் ஃபோல்டரே கெட வாய்ப்பு உண்டு. ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுக்கும் அறிவிப்பில் எஜெக்ட் இருக்கும், அதைத் தொட்டுவிட்டு எடுங்கள். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடில் ஹார்ட் டிஸ்க் போட வேண்டுமானால், சார்ஜர் செருகும் இடமும் உள்ள கேமரா அடாப்டராக வாங்குங்கள்.

2 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்பை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி நிரல் எழுதியிருப்பார்கள். செருகினால் 2 டிபி என்றே காட்டும், காப்பியும் ஆகும். ஆனால் உண்மையான அளவு நிறைந்த பிறகு போகிற படங்கள் எல்லாம் வெறும் பெயராக நிற்கும், திறந்தால் திறக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

ஓய்வு பெற்ற பெரியவர்: பேரன் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. போன் நிறைந்துவிட்டது. பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அழித்துவிடலாமா?

மாற்றலாம் ஐயா, ஆனால் "மூவ்" கொடுக்காதீர்கள், "காப்பி" கொடுங்கள். மூவ் ஆகும்போது பாதியில் பென்டிரைவ் கழன்றால் சில படங்கள் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போகலாம்.

ஃபைல் மேனேஜரைத் திறந்து, ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், மறுபடி மீடியா என்று போனால் படங்களுக்கு ஒரு ஃபோல்டர், வீடியோவுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த இரண்டையும் அழுத்திப் பிடித்து, காப்பி கொடுத்து, பென்டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றி, மறுபடி செருகி, பென்டிரைவிலிருந்தே பத்துப் படங்களையும் இரண்டு வீடியோக்களையும் திறந்து பாருங்கள். பழையதில் கொஞ்சம், புதியதில் கொஞ்சம் பாருங்கள்.

அதோடு அழித்துவிடாதீர்கள். இன்னொரு பென்டிரைவிலும் இதே போல ஒரு காப்பி எடுத்து, அடுத்த முறை மகன் வரும்போது அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அவர் தன் கம்ப்யூட்டரில் போட்டு, படங்கள் திறக்கின்றன என்று உங்களுக்குப் போன் செய்து சொன்ன பிறகு இங்கே டெலிட் செய்யுங்கள்.