கொட்டாரச் சம்பாவைக் காணாத தேடல் பெட்டி

கேள்வி: எங்கள் வட்டாரத்துப் பாரம்பரிய நெல் வகைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கி, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தேடல் பெட்டியும் வைத்திருக்கிறேன். ‘தூயமல்லி’ என்று தட்டினால் உடனே வருகிறது. ‘கொட்டாரச் சம்பா’வும் ‘கௌனி’யும் கண்ணெதிரே இருந்தும் ‘இல்லை’ என்றே காட்டுகிறது. எங்கே தவறு?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தமிழ் எழுத்து கணினியில் பதிவாகும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், முன்னதன் நீளம் 2, பின்னதன் நீளம் 3 என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ‘தூயமல்லி’யில் இத்தகைய இருபக்கக் குறி இல்லாததால் அது தப்பித்தது.

இதற்கான ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூறு 2015ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே வந்துவிட்டது. அதை என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதும் வடிவம் கேட்டு அழைத்தால், பிரிந்த கொம்பும் காலும் ஒரே குறியாகும். தட்டிய சொல்லுக்கு மட்டுமன்றி, குறிப்புகளுக்கும் இதைச் செய்யவேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

‘கௌனி’க்கு இது போதாது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டி ‘கெளனி’ என்று எழுதும் வழக்கம் நம்மிடையே மிகுதி; அந்த ளகரம் தனி எழுத்து என்பதால் நார்மலைஸ் அதைத் தொடாது. ஆகவே, ஒப்பிடுவதற்கு முன் இருபுறமும் ஔகாரக் குறியைக் கொம்பு, ளகரமாக நீங்களே மாற்றிவிடுங்கள். இம்மாற்றங்களை ஒப்பிடுவதற்கான நகலில் மட்டும் செய்தால், திரையில் காட்டும் குறிப்பின் எழுத்து கெடாது.

சந்தியையும் கவனியுங்கள். ‘கொட்டாரச் சம்பா’, ‘கொட்டாரச்சம்பா’, ‘கொட்டார சம்பா’ என்று மூவர் மூன்று விதமாகத் தட்டுவார்கள். இருபுறமும் இடைவெளியை நீக்கி, க்க, ச்ச, த்த, ப்ப ஆகியவற்றை ஒற்றையாக்கினால் மூன்றும் பொருந்தும். ஆனால் ‘மாப்’ என்று பாதி தட்டிய நிலையில் ‘மாப்பிள்ளைச் சம்பா’ சிக்காது என்பதால், ஒவ்வொரு எழுத்துக்கும் தேடாமல், என்டர் தட்டியபின் தேடும்படி வைப்பதே நல்லது.

‘கவுனி’ என்று தேடுவோருக்கு நிரல் உதவாது. அந்த நெல்லின் குறிப்பில் இரண்டு எழுத்து வழக்கையும் நீங்களே எழுதி வைக்கவேண்டும்.