கேளுங்கள், சொல்கிறோம்: ஐரோப்பாவின் பழைய வாள்வித்தை

கேள்வி: ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கும் என் மகன், ஞாயிற்றுக்கிழமையானால் 'பழைய காலத்து வாள்வீச்சு' வகுப்புக்குப் போகிறான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான், பார்த்ததும் பகீரென்றது. பவானி தேவி ஒலிம்பிக்கில் ஆடியதுதானே இது? ஆபத்தில்லையே? (ஒரு தாயார், திருச்சி)

பதில்: அது வேறு அம்மா. பவானி தேவி 2021-இல் டோக்கியோவில் ஆடியது சேபர் என்ற நவீன விளையாட்டு. ஒடுக்கமான நீள மேடையில் முன்னும் பின்னுமாகத்தான் ஆட்டம், வாள் உடையில் பட்டால் விளக்கு எரியும். உங்கள் மகன் கற்பது, 15, 16-ஆம் நூற்றாண்டு ஆசான்கள் எழுதிவைத்த கையேடுகளைப் பார்த்து மீட்டெடுத்த வித்தை. இதில் எதிராளியைச் சுற்றி வரலாம், கையைப் பிடிக்கலாம், வாளைப் பறிக்கலாம், வகுப்பு அனுமதித்தால் தள்ளியும் விடலாம்.

பயிற்சி வாள் எஃகுதான், ஆனால் கூர் இருக்காது, நுனி மழுங்கியிருக்கும், குத்தினால் வளைந்து கொடுக்கும். முகக்கவசம், கழுத்துக்காப்பு, தடித்த மேலங்கி எல்லாம் கட்டாயம் போட வேண்டும். அதிகம் அடிபடுவது விரல்கள்தான். அதனால் நல்ல கையுறை வாங்கப் பணம் கேட்டால் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பத்துக் கிலோ வாளைத் தூக்கிச் சுழற்ற எவ்வளவு பலம் வேண்டும்? (பள்ளி மாணவர், ஈரோடு)

பதில்: பத்துக் கிலோ எல்லாம் சினிமாக் கணக்கு தம்பி. இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாளே பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

கேள்வி: கற்றுத் தந்த ஆசான்கள் செத்து நானூறு, ஐந்நூறு வருஷம் ஆயிற்று. வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கற்கிறார்கள்? கொஞ்சம் கற்பனையும் கலந்துதானே? (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: கலந்துதான் இருக்கும், அதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். இத்தாலியின் ஃபியோரே தெய் லிபெரி 1410 வாக்கில் எழுதிய கையேட்டின் சில படிகள் தப்பிப் பிழைத்தன, அவற்றில் ஒன்று இன்று லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம் அச்சு வந்தது: 1536-இல் அக்கில்லே மரோட்சோ, 1553-இல் காமில்லோ அக்ரிப்பா, 1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாகிம் மேயர், 1610-இல் சியெனாவில் ரிதோல்ஃபோ கப்போ ஃபெர்ரோ. இந்த மேயர் தொழிலால் கத்தி செய்கிறவர். தன் புத்தகத்தை அச்சிட்டுக் கடனாளியாகி, மறு வருஷமே இறந்தும் போனார், பாவம்.

சிக்கல் என்னவென்றால், இவை நம் பாட்டிமார் சமையல் குறிப்பு மாதிரி, 'உப்பு தேவையான அளவு' என்று போய்விடும். படத்தில் வலது கால் முன்னால் இருக்கும், ஆனால் எடை எந்தக் காலில் என்று இருக்காது. அதனால் இரண்டு பேர் வாளை எடுத்து மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை செய்து பார்க்கிறார்கள். முட்டி வலித்தாலோ குத்து எட்டவில்லை என்றாலோ எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று திரும்பப் புத்தகத்துக்குப் போகிறார்கள்.

சில இடம் மட்டும் பளிச்சென்று புரிந்துவிடும். அக்ரிப்பாவின் முதல் நிலை, உறையிலிருந்து வாளை உருவியதும் கை எங்கே நிற்குமோ அதுதான். எதிராளி வாளின் நுனிப் பக்கத்தை உங்கள் வாளின் பிடிப்பக்கத்தால் தொட்டு அழுத்தினால் அவர் எவ்வளவு பலசாலியானாலும் விலகிப் போவார் என்பதும் அப்படித்தான், ஒரு தடவை செய்து பார்த்தால் போதும்.

கேள்வி: வாள்வீரர்களின் நெறி, வீரமரியாதை என்று நிறையப் படிக்கிறோம். அது உண்மையில் இருந்ததா, பிற்பாடு கட்டிய கதையா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: இருந்தது ஐயா, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. முக்கால்வாசி அது சண்டைக்கான சட்ட நடைமுறை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஒருவரைப் பார்த்து 'நீ பொய் சொல்கிறாய்' என்று முறைப்படி சொல்லிவிட்டால், சொல்லப்பட்டவர்தான் சவால் விட வேண்டும். சவாலை ஏற்பவருக்கு ஆயுதம் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஆகவே யார் யாரை முதலில் பொய்யன் என்றார் என்பதிலேயே மாதக்கணக்கில் இழுபறி நடக்கும், அறிக்கை அச்சடித்து ஊர்ச் சுவரில் ஒட்டுவார்கள். வாளை உருவாமலே முடிந்துபோன மானப் பிரச்சினைகள் எத்தனையோ!

உருவியபோது என்ன ஆனது என்பதற்கு 1547 ஜூலை 10-ஐப் பாருங்கள். பாரிஸுக்கு அருகே சான் ஜெர்மென்-ஆன்-லேயில், அரசர் இரண்டாம் ஹென்றியின் முன்னிலையில் ஜர்னாக் என்பவரும் லா ஷதெனெரே என்பவரும் மோதினார்கள். ஜர்னாக்கைப் பற்றிய ஒரு குடும்ப அவதூறுதான் காரணம், அது கிளம்பியதே ஹென்றி இளவரசராக இருந்தபோது அவர் பக்கத்திலிருந்து. லா ஷதெனெரே பெயர்போன மல்லர், அரசரின் செல்லப்பிள்ளை, வெற்றி விருந்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருந்தார். ஆயுதத் தேர்வு ஜர்னாக்கிடம் இருந்தது, அவர் அதை ஒட்டக் கறந்தார். இத்தாலிய ஆசானிடம் பயின்று வந்து, எதிராளியின் முழங்காலுக்குப் பின்னால் நரம்பை வெட்டினார், ஆள் விழுந்துவிட்டார்.

அதோடு நிறுத்திக்கொண்டு, 'இவர் உயிரை உங்களுக்குத் தருகிறேன், என் மானத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று அரசரிடம் கேட்டது ஜர்னாக்தான். அரசர் பதில் சொல்லவே தாமதித்தார். லா ஷதெனெரே அவமானம் தாங்காமல் காயக்கட்டைப் பிய்த்தெறிந்து செத்தார். விருந்தைக் கூட்டம் சூறையாடியது. 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இப்படி மோதுகிறவர்களைத் திருச்சபையை விட்டே விலக்கி வைக்கும் என்று சொன்னது, ஆனாலும் ஒரேயடியாக யாரும் விட்டுவிடவில்லை.

ஆசான்களும் சளைத்தவர்களில்லை. மரோட்சோ மாணவனை வாளின் பிடியில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார், எதற்கு? குருவுக்கு எதிராகப் போகமாட்டேன், குருவின் அனுமதியில்லாமல் பிறருக்குக் கற்றுத்தரமாட்டேன் என்பதற்கு! குருபக்தி பாதி, தொழில் ரகசியம் பாதி. ஃபியோரேவோ, எதிராளியின் கண்ணில் தூவ, உள்ளீடற்ற கோடரித் தலையில் அடைக்கும் பொடிக்குச் செய்முறையே தருகிறார், கள்ளி இனச் செடியின் பாலைக் காயவைத்து.

எனக்குப் பிடித்த மரியாதை வேறு. நீள வாளால் குத்துவது ஜெர்மானியரிடையே விளையாட்டுச் சண்டையில் வழக்கொழிந்துவிட்டது என்று மேயர் எழுதுகிறார். எதிரில் நிற்பவன் பகைவனல்ல, நாளைக்கும் அவனோடு பழக வேண்டும் என்ற கணக்கு அது. இன்றைய வகுப்புகள் பலவற்றிலும் அடி வாங்கியவரே கையைத் தூக்கி 'பட்டது' என்று சொல்வதுதான் வழக்கம். யார் முறைப்படி வணங்குகிறார் என்பதை விட, நடுவர் பார்க்காத அடியை யார் ஒப்புக்கொள்கிறார் என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கேள்வி: பெண்கள் சேரலாமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. நமக்குக் கிடைத்திருப்பதிலேயே மிகப் பழைய ஐரோப்பிய வாள் கையேடு, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறது. அதன் கடைசிப் படங்களில், ஆசானாக வரும் பாதிரியாருக்கு எதிராக வாளும் சிறு கேடயமுமாக நிற்பது வால்பர்கிஸ் என்ற பெண்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆசான் இல்லை. வீட்டிலேயே தொடங்க வழி உண்டா? (கணினிப் பொறியாளர், ஓசூர்)

பதில்: கையேடுகளின் படங்களும் மொழிபெயர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேயரிலிருந்து தொடங்குங்கள். எதிராளியின் உடலை மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என நாலு கட்டமாகப் பிரித்து, எந்த வரிசையில் வெட்டுவது என்று எண்கள் போட்ட ஒரு சதுரம் அதில் இருக்கும். அதைப் பெரிய தாளில் வரைந்து மார்பு உயரத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு, எட்ட நின்று, இலேசான கம்பால் ஒவ்வொரு வரிசையாக மெதுவாகப் போடுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு எட்டு காலை எடுத்து வைக்க வேண்டும். அலங்காரக் கடையில் விற்கிற எஃகு வாளை மட்டும் வீசாதீர்கள், பிடிக்குள்ளே ஒல்லிக் கம்பிதான் இருக்கும், அது உடைந்து பறந்தால் அக்கம்பக்கத்தில் நிற்பவர் பாடு திண்டாட்டம். ஜோடிப் பயிற்சி தொடங்குவது முகக்கவசம் வாங்கிய பிறகு.