தொலைநோக்கி வழியே நிலவைப் படமெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட, மோட்டார் இல்லாத டாப்சோனியனில் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) டிஎஸ்எல்ஆர் கேமரா பொருத்தி எடுத்தால், முழுநிலவு வெறும் வெள்ளைத் தட்டாகவே பதிகிறது. என்ன அளவுகள் வைக்க வேண்டும், ஐயா?

பதில்: கேமராவைத் தானியங்கி முறையில் விட்டிருப்பீர்கள், அது சுற்றியுள்ள கரிய வானத்தையும் கணக்கில் சேர்த்து எக்ஸ்போஷரை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, கூட்டிவிடும். நிலவு வெயிலில் கிடக்கும் பாறை என்பதால் பகல் வெளிச்சக் கணக்கே அதற்குப் பொருந்தும். எஃப்/11 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 11 மடங்கு), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய விதி. உங்கள் கருவி எஃப்/8 ஆகையால் 1/200 நொடியில் தொடங்கி, நிலவில் மிகப் பளிச்சென்றிருக்கும் அரிஸ்டார்க்கஸ் பள்ளத்தின் வெண்மை, ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளியளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பை முட்டாதபடி திருத்திக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லையே என்று வருந்த வேண்டாம்: வானம் நொடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்ந்தாலும், 1/200 நொடியில் அந்த நகர்வு 0.1 வில்விநாடியைக்கூட எட்டாது. உங்கள் ஆடியின் பிரிதிறனோ (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) ஏறத்தாழ 0.8 வில்விநாடி.

கேள்வி: அரைநிலவுக்கும் இதே அளவு போதுமா?

பதில்: போதாது. அரைநிலவின் மொத்த ஒளி முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஒளிரும் பரப்பு பாதியாவது அதற்கு ஒரு காரணம்; சாய்வாக விழும் வெயிலும், முழுநிலவின்போது நம் கண்ணுக்குத் தெரியாத நிழல்கள் இப்போது வெளிப்படுவதும் மற்றவை. எனவே எக்ஸ்போஷரை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். நிழல்கள் இருந்தால்தான் நிலத்தின் மேடுபள்ளம் தெரியும் என்பதால், முழுநிலவைவிட இந்த இரவுகளையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: கோள்களைப் படமெடுக்கும் கேமராவில் வீடியோவாக எடுக்கிறேன். இரைச்சலுக்கு (படத்தில் தோன்றும் பொறிபொறியான புள்ளிகளுக்கு) அஞ்சிக் கெய்னைக் (கேமரா ஒளிச்சைகையைப் பெருக்கும் அளவை) குறைத்து, எக்ஸ்போஷரை 40 மில்லிநொடியாக வைத்தேன். படம் மங்கலாகவே இருக்கிறது.

பதில்: எக்ஸ்போஷர் நேரத்தை முடிவு செய்ய வேண்டியது நிலவின் வெளிச்சமன்று, நமக்கு மேலுள்ள காற்று. 40 மில்லிநொடிக்குள் காற்றின் கலக்கம் பலமுறை மாறி, நுண்விவரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்துவிடும். முதலில் 10 மில்லிநொடி அல்லது அதற்கும் குறைவாக வைத்துவிட்டு, ஹிஸ்டோகிராம் 70 விழுக்காட்டைத் தொடும்வரை கெய்னை உயர்த்துங்கள். இரைச்சல் சட்டகத்துக்குச் சட்டகம் (வீடியோவின் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம்) மாறுவதால், தேர்ந்தெடுத்த 100 சட்டகங்களை அடுக்கிச் சராசரி எடுத்தாலே அது பத்தில் ஒரு பங்காகிவிடும். சட்டகத்திலேயே பதிந்துவிட்ட மங்கலை அடுக்குதல் நீக்காது. கருப்பு-வெள்ளைக் கேமராவாக இருந்தால் சிவப்பு வடிகட்டியையும் பொருத்துங்கள். நீண்ட அலைநீளத்தைக் காற்று குறைவாகவே அலைக்கழிக்கும்.

கேள்வி: ஒளியளவைப் பதிய 8 பிட்டா, கூடுதல் ஒளிப்படிகள் கொண்ட 12 பிட்டா?

பதில்: கெய்ன் உயர்ந்திருந்தால் 8 பிட் போதும், கீழ்ப் பிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் இரைச்சலே. கோப்பு சிறிதாவதோடு, நொடிக்குக் கூடுதல் சட்டகங்களும் கிடைக்கலாம். கெய்னைத் தாழ்த்தி நிலவின் முழுத் தட்டையும் எடுக்கும்போது 12 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும், சுருக்கப்படாத வடிவிலேயே பதிவுசெய்யுங்கள்.