அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எல்லா வயதினருக்கும் சிகிச்சை தரும், மேற்படிப்பு முடித்த செவிலியர்) மனநலப் பிரிவுக்கு மாற மறுபடியும் முதுகலை படிக்க வேண்டுமா?

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் முதுகலை தேவையில்லை. ஆனால் வேலையை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடவும் முடியாது.

அங்கே நீங்கள் எந்த நோயாளிகளுக்காகப் படித்தீர்களோ, அதை ஒட்டித்தான் சான்றிதழ்: குடும்பம், முதியோர் உள்ளிட்ட பெரியவர்கள், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம். பெரியவர்கள், குழந்தைகள் இரண்டிலும் தீவிர நோய்ச் சிகிச்சை தனிப் படிப்பு. ஃபேமிலி படித்துவிட்டு ஐசியூ வேலைக்கு ஆசைப்படுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், பாவம். இதயம், தோல் மாதிரியான துறைகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை வேலையில் சேர்ந்தே பழகிக்கொள்ளலாம்.

மனநலத்துக்கு, முதுகலைக்குப் பிந்தைய சான்றிதழ் படிப்பு இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே படித்த மருந்தியல், நோய்க்கூறு உடலியல், உடல் பரிசோதனைப் பாடங்களைப் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். மனநோயாளிகளை மேற்பார்வையில் பார்க்கும் பயிற்சியில் மட்டும் சலுகை எதிர்பார்க்காதீர்கள். குறைந்தது 500 மணி நேரமாவது ஆகும். அப்புறம் தேசியத் தேர்வு, மாநில உரிமம்.

சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பயிற்சி தரும் ஆளைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா? பல இடங்களில் நீங்களே தேட வேண்டும். அதில் மாதக்கணக்கில் போய்விடும்.