ஒளிப்படக் கேள்வி–பதில்: பழைய பிரஸ் கேமராவைச் சீரமைத்தல்

இந்த மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, 4×5 அங்குலத் தாள் ஃபிலிமில் படமெடுக்கும் செய்திப் படக்காரர்கள் பயன்படுத்திய பழைய அமெரிக்கப் பிரஸ் கேமராக்களைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, பகுதி முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டுப் பொருள் விற்பனை ஒன்றில் கிராஃப்ளெக்ஸ் என்று பெயர் பொறித்த ஒரு மடக்குக் கேமராவை வாங்கினேன். அது ஸ்பீட் கிராஃபிக்கா, கிரவுன் கிராஃபிக்கா என்று தெரியவில்லை. சீரமைக்கத் தகுந்ததா என்பதை எப்படி முடிவு செய்வது?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே பாருங்கள். ஃபிலிம் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கறுப்புத் துணித்திரை ஒன்று மேலும் கீழும் உருளைகளில் சுற்றப்பட்டிருந்தால் அது ஸ்பீட் கிராஃபிக். திரை இல்லாமல் பெட்டியின் ஆழமும் குறைவாக இருந்தால் அது கிரவுன் கிராஃபிக். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உருவான ஸ்பீட் கிராஃபிக் வரிசை 1912-இல் தொடங்கி 1973 வரை நீடித்தது. இன்று அதிகம் கிடைப்பவை 1940 முதல் 1947 வரை வந்த ‘ஆனிவர்சரி’ மாதிரியும், 1947-க்குப் பின் வந்த ‘பேஸ்மேக்கர்’ மாதிரியுந்தான். ஆனிவர்சரியின் லென்ஸ் பலகை மரத்தாலானது. பேஸ்மேக்கருடையது உலோகத் தகடு. ஜோ ரோசென்தால் 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜீமா தீவில் கொடியேற்றும் படத்தை எடுத்தது ஸ்பீட் கிராஃபிக்கில்தான்.

வாங்கத் தகுந்ததா என்பதை லென்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். லென்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்குக் கடினமானது பின்பக்கம். வில் தகடுகளால் ஹோல்டரை (தாள் ஃபிலிமை இட்டு வைக்கும் தட்டையான உறை) அழுத்திப் பிடிக்கும் ‘ஸ்பிரிங் பேக்’, வழக்கமான 4×5 ஹோல்டர்கள் அனைத்தையும் ஏற்கும். 1949-இல் அறிமுகமான ‘கிராஃப்லாக் பேக்’ அவற்றோடு ரோல் ஃபிலிம் பெட்டிகளையும் உடனடிப் பட இணைப்புகளையும் ஏற்கும். பழைய ‘கிராஃப்ளெக்ஸ் பேக்’ இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அதற்குத் தனி வகை ஹோல்டர்கள் வேண்டும், இன்று எளிதில் கிடைக்கும் சாதாரண ஹோல்டர் அதில் பொருந்தாது.

கேள்வி: என்னிடம் உள்ள கிரவுன் கிராஃபிக்கின் துருத்தியில் ஊசித் துளைகள் இருக்கின்றன, லென்ஸிலும் பூஞ்சை படர்ந்துள்ளது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: முடியும். இருட்டறையில் துருத்தியை முழுவதும் நீட்டி, உள்ளே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை வைத்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் பாருங்கள். துளைகள் பெரும்பாலும் மடிப்புகளின் மூலைகளில்தான் இருக்கும். கறுப்புத் துணிச்சாயத்தையோ, காய்ந்தபின் ரப்பர் போல வளையும் திரவ மின்காப்புப் பூச்சையோ மெல்லிய தூரிகையால் ஒரு படலமாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு படலம் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் துருத்தி பெட்டிக்குள் முழுமையாக மடியாது. மடிக்க முயலும்போது பக்கத்து மடிப்பு கிழியும். தோல் விறைத்துவிட்டது என்று தேங்காய் எண்ணெயோ ஷூ பாலிஷோ தேய்ப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். அந்தப் பசை தூசியையும் பூஞ்சையையும் வரவேற்கும். துளைகள் எண்ணிலடங்காதவையாக இருந்தால் ஒட்டுப்போடுவதை விட்டுப் புதிய துருத்தி செய்து வாங்குவதே நல்லது.

பிரஸ் கேமராக்களில் பரவலாகக் காணப்படும் 127 மி.மீ. எக்டார், 135 மி.மீ. ஆப்டார் ஆகிய லென்ஸ்களின் முன்பகுதியும் பின்பகுதியும் ஷட்டரிலிருந்து கையாலேயே திருகிக் கழற்றக்கூடியவை. வெளிப்பரப்பில் உள்ள பூஞ்சையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த லென்ஸ் தாளால் அழுத்தாமல் துடைத்தெடுக்கலாம். ஒட்டிய கண்ணாடிகளின் நடுவே புகுந்துவிட்ட பூஞ்சையை வீட்டில் அகற்ற இயலாது. கண்ணாடியில் தடம் பதிந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ஒளிமூலத்துக்கு எதிராக எடுக்கும் படங்களைத் தவிர மற்றவற்றில் அதன் பாதிப்பு பெரிதாகத் தெரியாது. சென்னையின் ஈரப்பதத்தில் சுத்தம் செய்வதைவிட முக்கியமானது பாதுகாப்பு. தோல் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை நிற்கும் உலர் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: கேமராவின் பின்புறத்தில் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மிகத் துல்லியமாக ஃபோக்கஸ் செய்கிறேன். ஆனால் கழுவிய ஃபிலிமில் நான் குறிவைத்த முகத்துக்குப் பதிலாக வேறு தூரத்தில் உள்ள பொருள் தெளிவாக இருக்கிறது. தூரத்தை அளந்து ஃபோக்கஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருத்த வேண்டுமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: ரேஞ்ச்ஃபைண்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்தக் கேமராவில் உள்ள எல்லா அளவுகளும் ஃபிலிம் அமரும் தளத்தையே அடிப்படையாகக் கொண்டவை. மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பரப்பு அந்தத் தளத்தோடு பொருந்த வேண்டும். பிறகு அதைப் பார்த்து முடிவிலித் தடுப்புகளை, அதாவது வெகுதொலைவுப் பொருள் தெளிவாகும் இடத்தில் லென்ஸ் சட்டத்தை நிறுத்தும் தடைகளை, அமைக்க வேண்டும். அவற்றை வைத்துத்தான் ரேஞ்ச்ஃபைண்டரைத் திருத்த வேண்டும். பழைய கேமராக்களை வாங்குவோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, தவறான கண்ணாடிக்கு ஏற்ப மற்ற அனைத்தையும் தவறாக்கிவிடுவதுதான் நான் மிகவும் வருந்தும் செய்தி.

கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றியவர் திருப்பிப் பொருத்தியிருக்கலாம். அடுத்ததாக, அதனுடன் ஃபிரெனல் தகடு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் மூலைகள் இருண்டு தெரியாமல் இருக்க, வட்ட வட்டமான நுண்வரிகள் கொண்ட இந்தத் தகட்டைக் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் தன் கிராஃப்லாக் சட்டங்கள் பலவற்றில் மங்கல் கண்ணாடிக்கு முன்னால், அதாவது லென்ஸ் பக்கத்தில் பொருத்தியது. வேறு பல கேமராக்களில் அது கண்ணாடிக்குப் பின்னால், கண்ணின் பக்கத்தில் இருக்கும் என்பதால், பின்னாளில் கழற்றிப் பார்த்த ஒருவர் ‘தலைமாறி இருக்கிறது’ என்று எண்ணி மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சிலர் தகடு கீறிவிட்டதென்று அதை எடுத்தே விடுகிறார்கள்.

இரண்டு செயல்களின் விளைவும் ஒன்றே. தகடு ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். அதை நீக்கினால் மங்கல் கண்ணாடி அதே 1.5 மி.மீ. முன்னே வந்து சட்டத்தின் விளிம்பில் அமரும். ஒளி தகட்டின் ஊடாகச் செல்லும்போது குவியம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்னே தள்ளிப்போகும் என்பதைக் கணக்கிட்டே நிறுவனம் சட்டத்தைக் கடைந்திருந்தது. ஆகவே அந்த அரை மில்லிமீட்டரைக் கழித்தால் எஞ்சும் பிழை சுமார் 1 மி.மீ. ஆகும். f/4.7 துளையில் 4×5 ஃபிலிமுக்கு நாம் அனுமதிக்கத்தக்க விலகல் இரு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே முகம் மங்குவதில் வியப்பில்லை. தகட்டை மீண்டும் முன்னால் வையுங்கள். தகடு இல்லையென்றால் அதன் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் மெல்லிய தகட்டுத் துண்டுகளை இட்டு உயர்த்துங்கள்.

தகடு இல்லாத சட்டத்தைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நேரான மரச்சட்டம் ஒன்றின் நடுவே திருகாணி ஒன்றைச் செலுத்துங்கள். வீணான ஃபிலிம் ஒன்றை ஹோல்டரில் இட்டு, சட்டத்தை ஹோல்டரின் விளிம்புகள் மேல் குறுக்காக வைத்து, திருகாணியின் நுனி ஃபிலிமை மெல்லத் தொடும்வரை திருகுங்கள். 4×5 ஹோல்டருக்கு இந்த ஆழம் 0.197 அங்குலம், ஏறத்தாழ 5 மி.மீ., என்பது தர அளவு, 0.007 அங்குலம் கூடலாம், குறையலாம். அதே மரச்சட்டத்தை இப்போது கழற்றிய கண்ணாடிச் சட்டத்தின் அமர்வுப் பரப்பில் வையுங்கள். நுனி கண்ணாடியை அதேபோல மெல்லத் தொட வேண்டும்.

அன்றைய செய்திப் படக்காரர்களை இந்தப் பிழை ஏன் வாட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியூயார்க்கின் இரவுகளைப் படமெடுத்த வீஜி, ஃபோக்கஸைப் பத்தடியில் நிறுத்தி, f/16 துளையில், 1/200 நொடியில், ஃபிளாஷ் பல்பு வெளிச்சத்தில் எடுத்தார். f/16-இல் ஒரு மில்லிமீட்டர் விலகலைக் கண் பொருட்படுத்தாது. நாம் இன்று அதே கேமராவில் துளையை முழுதும் திறந்து முகங்களை எடுக்க விரும்புகிறோம்; ஆகையால் அதனிடம் அக்காலத்தவர் கேட்டதைவிடக் கூடுதலான துல்லியத்தைக் கேட்கிறோம்.

கண்ணாடி சரியானபின், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ விளக்குக் கம்பத்தையோ பார்த்து முடிவிலித் தடுப்புகளை இறுக்குங்கள். பக்கவாட்டில் உள்ள காலார்ட் ரேஞ்ச்ஃபைண்டராக இருந்தால் தொலைவுக்கும் அண்மைக்கும் தனித்தனித் திருத்தங்கள் உண்டு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும் என்பதால் இரண்டும் ஒத்துவரும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். 1955 முதல் வந்த, மேற்பக்கத்தில் ரேஞ்ச்ஃபைண்டர் கொண்ட மாதிரியில் லென்ஸின் குவியத் தொலைவுக்கேற்ற ‘கேம்’ என்னும் வளைவுத் துண்டை மாற்ற வேண்டும். எதுவாயினும் உள்ளேயிருக்கும் அரைப் பூச்சுக் கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். பூச்சு துணியோடு வந்துவிடும்.

கேள்வி: ஸ்பீட் கிராஃபிக்கின் திரை ஷட்டர் மெதுவாக ஓடுகிறது. சில படங்கள் முழுவதும் வெறுமையாக வருகின்றன. சில முழுவதும் கருத்துவிடுகின்றன.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இவை இரண்டு தனிச் சிக்கல்கள். வெறுமையும் கருமையும் பழுதல்ல, பழக்கத்தால் தீர்பவை. லென்ஸில் உள்ள ஷட்டரால் எடுக்கும்போது பின்திரை திறந்த நிலையில் நிற்க வேண்டும். பின்திரையால் எடுக்கும்போது லென்ஸ் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். மேலும், இந்தத் திரையை முறுக்கும்போது அதன் துளைகள் மூடிக்கொள்வதில்லை. ஹோல்டரின் மறைப்புத் தகட்டை உருவிய பிறகு முறுக்கினால் ஃபிலிம் முழுவதும் ஒளிபட்டுக் கருத்துவிடும். முறுக்கு, பிறகு உருவு, பிறகு சொடுக்கு என்ற வரிசையைக் கை மறக்கக் கூடாது.

மெதுவாக ஓடுவதற்கு வில்லின் முறுக்கைக் கூட்டுவது தீர்வல்ல. பல ஆண்டு அழுக்கும் கெட்டியான எண்ணெயும் உருளைகளின் முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் துடைத்து, ஊசிமுனையளவு கடிகார எண்ணெய் இட்டாலே பெரும்பாலும் ஓட்டம் திரும்பும். துணியின் மேல் எண்ணெய் படவே கூடாது. ரப்பர் பூசிய துணி விறைத்து வெடித்திருந்தால் திரையையே மாற்ற வேண்டும். அது அனுபவமுள்ளவரிடம் தர வேண்டிய வேலை. பயன்படுத்தாத நாட்களில் வில்லை முற்றிலும் தளர்த்தி வையுங்கள்.

எதிர்பார்ப்பையும் சற்று அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 1/1000 நொடிக்கான துளையின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது நான்கு அங்குல உயரத்தைக் கடந்து முடிக்க ஏறத்தாழ 1/30 நொடி ஆகும். ஓடும் காரின் சக்கரம் சாய்ந்து பதிவதும், இன்றைய மின்னணு ஃபிளாஷ் இந்தத் திரையின் உயர்வேகங்களுடன் ஒத்துப்போகாததும் அதனால்தான்.

கேள்வி: என் ஸ்பீட் கிராஃபிக்கில் ஏரோ எக்டார் லென்ஸைப் பொருத்த விரும்புகிறேன். அதற்காக ரேஞ்ச்ஃபைண்டரை அகற்றி, முன்பலகையை அறுத்து அகலப்படுத்தவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். செய்யலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: லென்ஸைப் பொருத்துங்கள்; அறுக்காதீர்கள். 178 மி.மீ., f/2.5 கொண்ட இந்த லென்ஸ் இரண்டாம் உலகப் போரில் கே-24 வான்வழிக் கேமராவுக்காகச் செய்யப்பட்டது. தனக்கென ஷட்டர் இல்லாததால் கிரவுனில் அதைப் பயன்படுத்த இயலாது. பின்திரை உள்ள ஸ்பீட் கிராஃபிக்கே அதற்கு ஏற்ற உடல். அமெரிக்கச் செய்திப் படக்கலைஞர் டேவிட் பர்னெட் இந்த இணையைக் கொண்டு 2004 தேர்தல் பிரசாரத்தைப் படமெடுத்த பிறகு இதற்கான விருப்பம் உலகெங்கும் பெருகியது.

கேமராவின் உடலைத் தொடாமல் லென்ஸ் பலகையில் மட்டும் மாற்றத்தைச் செய்யுங்கள். பலகை கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். உடலை அறுத்தால் அது இன்னொருவருக்குப் பயன்படாது. புதிய உடல்கள் இனி வரப்போவதில்லை. இருப்பவற்றை நமக்குப் பின் வருவோருக்கும் விட்டுச்செல்ல வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லென்ஸ் கனமானது, முன்சட்டம் தளர்ந்து முன்னே சாயாமல் இருக்க அடியில் ஒரு தாங்கி கொடுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரையும் விட்டுவையுங்கள், f/2.5-இல் கால் மில்லிமீட்டர் விலகலே எல்லை என்பதால் முக்காலியும் மங்கல் கண்ணாடியுமே உங்களுக்குத் துணை.

இந்த லென்ஸின் கண்ணாடியில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உள்ளது. சாதாரணப் பயன்பாட்டில் அச்சம் வேண்டாம். ஆனால் கண்ணாடியைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது, தலைமாட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தோரியக் கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளித்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெரிதும் தெளியும். வெயிலில் வைப்பதானால் அது சூரியனைக் குவித்துத் தீ மூட்டாதபடி மறைவு கொடுங்கள்.

நான் மனமுவந்து பரிந்துரைக்கும் மாற்றம் வேறொன்று. பேஸ்மேக்கரின் முன்சட்டம் பின்னோக்கி மட்டுமே சாயும். நிலப்பரப்பு எடுப்பவர்களுக்கு முன்னோக்கிய சாய்வே தேவை. லென்ஸ் சட்டத்தை அதன் தாங்கியிலிருந்து கழற்றித் திருப்பிப் பொருத்தினால் அது கிடைத்துவிடும். ஒரு திருகாணியும் வீணாவதில்லை. எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கேமராவைவிட அதன் ஃபிளாஷ் கைப்பிடிக்கு அதிக விலை சொல்கிறார்களே, ஏன்?
– வாசகர், லண்டன்

பதில்: 1977-இல் வெளிவந்த ஹாலிவுட் விண்வெளிப் படம் ஒன்றில் நாயகனின் ஒளிவாளைக் கிராஃப்ளெக்ஸின் மூன்று பேட்டரிக் கைப்பிடியிலிருந்து செய்தார்கள். அந்தப் படத்தின் அன்பர்கள் அதைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். படமெடுக்க அது கட்டாயமல்ல. இரட்டை முனை இணைப்பை இன்றைய ஃபிளாஷ் வடத்துக்கு மாற்றும் சிறிய வடம் போதும்.

கேள்வி: போலராய்டு நிறுத்தப்பட்டபின் 4×5 கேமராவில் உடனடிப் படம் எடுக்க வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. லோமோகிராஃபி நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லோமோகிராஃப்லாக் இணைப்பு, இன்ஸ்டாக்ஸ் வைட் ஃபிலிமை ஏற்கிறது. கிராஃப்லாக் பின்பக்கம் வேண்டும். ஸ்பிரிங் பேக்கில் அமராது. இந்த இணைப்பில் ஃபிலிமின் தளம் சாதாரண ஹோல்டரைவிட விலகி இருப்பதால், உடன் வரும் இடைச்சட்டத்தை மங்கல் கண்ணாடிக்கு அடியில் வைத்து ஃபோக்கஸ் செய்து, பிறகு அதை நீக்கி இணைப்பைப் பூட்டுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை நம்பி எடுத்தால் படம் மங்கும்.